இரவல் துலாக்கோல்: இலக்கியத்தில் விற்பனைப் பணியாளன்

வாணிக அறம் எதுவென்று தமிழ் பயிலும் மாணவனை வினவினால், அவன் இரண்டு இடங்களைத் தயங்காமல் சுட்டுவான். ஒன்று, உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிப் பாடிய பகுதி. தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப மதித்து, வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைவாகக் கொடாமலும் வாழ்ந்தவர்களாக அவ்வணிகர் அங்கே காட்சி தருகின்றனர். மற்றொன்று, திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறள். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணிச் செய்வதே வாணிகருக்கு வாணிகம் என்கின்றார் வள்ளுவர். தேர்வுத் தாளில் இவ்விரண்டையும் எழுதிய மாணவனுக்கு நாம் முழு மதிப்பெண் வழங்கிவிடுகின்றோம். ஆயினும் ஒரு வினாவை அவனிடம் நாம் கேட்பதில்லை. இவ்வறம் யாருக்குச் சொல்லப்பட்டது?

உடைமையாளனுக்குச் சொல்லப்பட்டது என்பதே விடை. பட்டினப்பாலை காட்டும் வணிகன் தன் பண்டத்தைத் தானே விற்கின்றான். விலையை அவனே வகுக்கின்றான். துலாக்கோலை அவனே பிடிக்கின்றான். ஊதியம் குறைந்தால் இழப்பவனும் அவனே. தவறு செய்யவும் செய்யாமல் விடவும் அவனுக்கு முழு உரிமை உண்டு. ஆதலால் அவனைப் பார்த்து, 'நடுவு நில்' என்று புலவன் கூறும்பொழுது அச்சொல் நேராகச் சென்று சேர்கின்றது. இக்காலத்து விற்பனைப் பணியாளனின் நிலை அத்தகையதன்று. பண்டம் வேறொருவருடையது, விலை தலைமை அலுவலகத்தில் முடிவு செய்யப்பட்டது, வாடிக்கையாளரிடம் பேச வேண்டிய சொற்கள்கூடப் பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்விக்கப்பட்டவை, மாத இறுதிக்குள் எட்ட வேண்டிய இலக்கோ மேலாளர் சுவரில் எழுதி வைத்தது. அவன் கையில் இருப்பது இரவல் துலாக்கோல்.

வள்ளுவர் சுட்டும் வணிகனுக்குப் 'பிறர்' என்போர் ஒருவரே. அவர் வாங்க வந்தவர். பணியாளனுக்கோ 'பிறர்' இருவர். ஒரு பக்கம் முதலாளியின் சரக்கு. மறுபக்கம் வாங்குவோரின் பணம். இரண்டுமே அவனுடையவை அல்ல. இரண்டையும் தன்னுடையவைபோற் பேணுவது எவ்வாறு? முதலாளியின் நலனைப் பேணினால் வாங்குபவர் ஏமாறுகின்றார். வாங்குபவரின் நலனைப் பேணி, 'இது உங்களுக்குத் தேவைப்படாது' என்று உண்மையைச் சொன்னால் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் ஆகின்றான். இடையில் அவனுடைய வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் நிற்கின்றன. இந்த முக்கோணத்தை இலக்கியம் எவ்வாறு கையாண்டுள்ளது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விற்பவனைக் கயவனாக்கி ஏசுவதும், அவனை அப்பாவியாக்கி அழுவதும் எளிய வழிகள். இவ்விரண்டையும் கடந்து சென்ற படைப்புகளையே நான் இங்கு எடுத்துக்கொள்கின்றேன்.

முதலில் சிலப்பதிகாரத்தை வேறொரு கோணத்தில் நோக்குவோம். அது ஒரு விற்பனை முயற்சியில் திரும்பும் காப்பியம் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். வணிகர் குலத்தில் பிறந்த கோவலன் காற்சிலம்பு ஒன்றை விற்பதற்காகவே மதுரைத் தெருவில் நடக்கின்றான். அவன் பொய்யேதும் உரைக்கவில்லை. பொருளின் தகுதியை மிகைப்படுத்தவும் இல்லை. கோப்பெருந்தேவிக்கு ஏற்ற இச்சிலம்பை விலை மதிப்பிட இயலுமா என்று பொற்கொல்லனிடம் வினவுவதோடு அவன் வாணிகம் முடிந்துவிடுகின்றது. விற்பவன் உண்மை பேசினான், கொலையுண்டான். பொய் எங்கிருந்து வந்தது? இரு தரப்புக்கும் இடையில், மதிப்பு அறிந்தவனாக நின்ற அரண்மனைப் பொற்கொல்லனிடமிருந்து வந்தது. அவன் சரக்குக்கு உரியவனும் அல்லன், வாங்குபவனும் அல்லன். அறிவு அவன் பக்கம் இருந்தது. அறியாமை எதிர்ப்பக்கம் இருந்தது. இதற்கு முன்னதாக ஊர்காண் காதையில், மணிகளின் குற்றங்களையும் குணங்களையும் நுணுகி அறிந்தோர் நிறைந்த கடைத்தெருவை இளங்கோவடிகள் நமக்குக் காட்டியிருக்கின்றார். அந்த அறிவே பின்னர் வரும் ஒரு காதையில் ஒருவன் உயிரைக் குடிக்கின்றது. விற்பனையில் அறச்சிக்கல் பிறக்கும் இடம் துலாக்கோலின் தட்டு மட்டுமன்று. ஒருவன் அறிந்ததை மற்றவன் அறியாதிருக்கும் அந்த இடைவெளியே அதன் பிறப்பிடம். காப்பியம் இதனை ஒரு கொள்கையாக எடுத்துரைக்கவில்லை. நிகழ்ச்சியில் வைத்துக் காட்டுகின்றது.

இவ்விடைவெளியை நகைச்சுவைக்கு ஆக்கியவர் புதுமைப்பித்தன். 1943இல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதையை வகுப்பறையில் நாம் பெரும்பாலும் கடவுளைப் பற்றிய கதையாகவே நடத்துகின்றோம். அது விற்பவனைப் பற்றிய கதையும் ஆகும். மேலகரம் கந்தசாமிப் பிள்ளை சித்த வைத்தியப் பத்திரிகை ஒன்றை நடத்துபவர். தம்மோடு உணவு விடுதிக்கு வந்திருக்கும் கடவுளிடம் அவர் வரம் கேட்கவில்லை. பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கின்றார். யாருடைய ஆயுள் என்ற நியாயமான ஐயம் கடவுளுக்கே எழுகின்றது. அதற்குப் பிள்ளை கூறும் விடை, தேர்ந்த காப்புறுதி முகவர் ஒருவர் கூறக்கூடியதே. அதே விடுதியில், தாம் சுவைத்து மகிழும் காப்பியில் சிக்கரித் தூள் கலந்திருப்பதைக் கடவுள் அறியார், பிள்ளை அறிவார். அறிந்தவன், அறியாதவன் என்னும் வேறுபாடு இங்குத் தலைகீழாக நிற்கின்றது. எல்லாம் அறிந்தவர் எனப்படுபவரே சந்தையில் ஏமாளியாகின்றார். எனினும் கந்தசாமிப் பிள்ளை தம் பத்திரிகைக்குத் தாமே முதலாளி என்பதை மறத்தலாகாது. அவர் பொய்யின் ஊதியமும் பழியும் அவருக்கே உரியவை. அதனால்தான் நம்மால் அக்கதையைப் படித்துச் சிரிக்க முடிகின்றது. கூலிக்காகப் பொய் சொல்பவனைப் பார்த்து அவ்வாறு சிரிக்க இயலாது.

கூலிக்கு வேலை செய்யும் வணிகப் பணியாளனை நம் மண்ணிலேயே வைத்து எழுதியவர் ப. சிங்காரம். 1959இல் வந்த 'கடலுக்கு அப்பால்' நாவலின் செல்லையா, பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளையின் வட்டிக்கடையில் வேலை பார்த்தவன். இரண்டாம் உலகப் போரில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து திரும்புகின்றான். முதலாளியின் மகள் மரகதமும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். ஆனால் துப்பாக்கி ஏந்தியவன் வட்டித்தொழிலுக்குரிய மனம் படைத்தவன் அல்லன் என்பது முதலாளியின் தீர்ப்பு. இதில் விற்பனையே இல்லையே என்று சிலர் கேட்கலாம். கடன் கொடுத்தலும் ஒருவகை விற்பனைதான். நாளைய பணத்தை இன்று விற்பது அது. இந்நாவல் பணியாளனைப் பற்றி நமக்கு உணர்த்தும் செய்தி கூர்மையானது. முதலாளி வேலையாளிடமிருந்து வாங்குவது அவன் உழைப்பை மட்டுமன்று, அவன் இயல்பையும்தான். வயிரமுத்துப் பிள்ளை கொடியவர் அல்லர். தம் தொழிலுக்கு எத்தகைய மனம் வேண்டும் என்பதை நன்கு அறிந்தவர். அவர் நேர்மையாகவே அத்தீர்ப்பை வழங்குகின்றார் என்பதுதான் படிப்போரை வருத்துகின்றது.

இனி, இப்பொருளில் உலகமறிந்த படைப்பாகிய ஆர்தர் மில்லரின் 'விற்பனையாளனின் மரணம்' நாடகத்துக்கு வருவோம். 1949 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரங்கேறிய இந்நாடகத்தை நம் மாணவர் சிலர் ஆங்கில வகுப்பின் வாயிலாக அறிந்திருக்கலாம். அமெரிக்கக் கனவின் வீழ்ச்சி என்று ஒரு தொடரை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. அத்தொடர் தவறன்று. ஆனால் அது ஒரு மூடியைப் போன்றது. நாடகத்தின் உள்ளே கிடப்பதைப் பார்க்கவொட்டாமல் செய்துவிடுகின்றது.

வில்லி லோமன் வயது 63. இரண்டு கனத்த பைகளைச் சுமந்துகொண்டு மேடைக்கு வருகின்றான். அப்பைகளில் என்ன சரக்கு இருக்கின்றது என்பதை நாடகம் முழுவதும் மில்லர் சொல்லவேயில்லை. சரக்கின் பெயர் மறைந்துவிட்டபடியால், விற்கப்படுவது அவனே என்பது நமக்கு மெல்ல மெல்லத் தெளிவாகின்றது. ஆனால் மில்லரின் திறம் இந்த உருவகத்தில் மட்டும் இல்லை. எண்களை அவர் ஆளும் முறையில் இருக்கின்றது என்பது என் கருத்து. விமரிசகர் பலர் இதனைப் போதிய அளவு நோக்கவில்லை.

பழைய நாள் ஒன்றை நினைவுகூரும் காட்சியில், பயணத்திலிருந்து திரும்பிய வில்லி தன் மனைவி லிண்டாவிடம் ஒரு நகரில் 500 டாலருக்கும் மற்றொரு நகரில் 700 டாலருக்கும் விற்றதாகப் பெருமிதத்தோடு கூறுகின்றான். லிண்டா உடனே தரகுப்பணத்தைக் கணக்கிட்டுச் சொல்கின்றாள். கணக்கு என்று வந்துவிட்டால் பொய் நிற்பதில்லை. அவன் தடுமாறுகின்றான், தொகை படிப்படியாகக் குறைகின்றது, முடிவில் முழுப் பயணத்துக்கும் ஏறத்தாழ 200 டாலர் விற்பனை என்ற உண்மை வெளிப்படுகின்றது. மற்றொரு காட்சியில், இளைய முதலாளி ஹோவர்டின் முன் நின்று ஊரிலேயே ஒரு வேலை தருமாறு வேண்டுகின்றான். வாரம் 65 டாலர் என்று தொடங்குகின்றான், 50 என்கின்றான், 40 என்கின்றான். வாழ்நாள் முழுவதும் பிறர் பொருளுக்கு விலை கூறியவன், தன் பொருளுக்குத் தானே விலையைக் குறைத்துக்கொண்டு போகின்றான். எதிரில் இருப்பவனோ வாங்க விருப்பமின்றித் தன் குழந்தைகளின் குரலைப் பதிவு செய்த புதுக் கருவியில் மகிழ்ந்திருக்கின்றான். இவ்விரு இறங்குவரிசைகளுக்கும் பின் மூன்றாவது எண் ஒன்று வருகின்றது. அது 20,000 டாலர். அவனுடைய ஆயுள் காப்புறுதித் தொகை. இறந்தால் மட்டுமே அவனுக்கு முழு விலை கிடைக்கும். அந்த விற்பனையைத்தான் அவன் இறுதியில் முடிக்கின்றான்.

இவற்றுள் முதல் காட்சி நம் பொருளுக்கு இன்றியமையாதது. விற்பனைப் பணியாளன் முதலில் ஏமாற்றுவது வாடிக்கையாளரை அன்று, தன் வீட்டாரை. அவர்களுக்கும் முன்னால் தன்னையே ஏமாற்றிக்கொள்கின்றான். நம்பிக்கையோடு பேசினால்தான் சரக்கு விலைபோகும் என்பது தொழிலின் பாலபாடம். உள்ளே நம்பிக்கை இல்லாதவன் வெளியே அதனைக் காட்ட வேண்டுமாயின் ஒன்று நடிக்க வேண்டும். அல்லது உண்மையாகவே நம்பத் தொடங்கிவிட வேண்டும். இரண்டாவது வழி எளிது, ஆதலால் கொடியது. நடிப்பவனுக்குத் தான் நடிப்பது தெரியும். நம்பிவிட்டவனுக்குத் திரும்பும் வழி தெரியாது.

பாஸ்டன் விடுதிக் காட்சியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். வில்லி அங்கே ஒரு பெண்ணோடு இருப்பதை மூத்த மகன் பிஃப் கண்டுவிடுகின்றான். தந்தை மீது அவன் கொண்டிருந்த மதிப்பு அன்றோடு சிதைகின்றது. இதனை நாம் ஒழுக்கக்கேடு என்று மட்டும் கற்பிக்கின்றோம். அப்பெண் யார் என்பதைக் கவனித்தோமா? கொள்முதல் அதிகாரிகளிடம் வருவோரை உள்ளே அனுப்பும் இடத்தில் இருப்பவள் அவள். அடுத்த முறை வில்லியை நேரே உள்ளே அனுப்புவதாக அவளே கூறுகின்றாள். அவளுக்கு அவன் புதிய காலுறைகளைப் பரிசளிக்கின்றான். வீட்டிலோ லிண்டா தன் கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டிருக்கின்றாள். காதலா, கையூட்டா என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. எங்கே தொழில் முடிந்து வாழ்க்கை தொடங்குகின்றது என்ற எல்லைக்கோடு வில்லிக்கு அழிந்துவிட்டது. நட்பும் சிரிப்பும் பரிசும் ஆகிய யாவும் விற்பனைக் கருவிகளாகிவிட்ட ஒருவனிடம், கருவியாகாத ஓர் அன்பு எஞ்சியிருக்க முடியுமா?

இத்துணைச் சிறப்பிருந்தும் இந்நாடகத்தில் ஒரு குறை உண்டு என்பேன். வாங்குபவர் ஒருவரேனும் மேடைக்கு வரவில்லை. வில்லி விற்றதனால் யாருக்கேனும் இழப்பு நேர்ந்ததா என்பது நமக்குத் தெரிவதில்லை. கல்லறையின் அருகில் அண்டைவீட்டுக்காரன் சார்லி, இம்மனிதனை எவரும் பழிக்கலாகாது என்று பரிந்து பேசுகின்றான். கண்ணீர் வருகின்றது. ஆனால் ஏமாந்த வாடிக்கையாளர் ஒருவரும் அக்கல்லறையின் அருகில் நிறுத்தப்படாததனால் அந்தப் பரிவு மில்லருக்குச் சற்று மலிவாகக் கிடைத்துவிட்டது. பலியானவனைக் காட்டிய நாடகம், அவனால் பலியானவரைக் காட்டவில்லை.

அலுவலகத்தின் மேல்மாடிக்குச் சென்று இச்சிக்கலைக் கண்டவர் வங்க எழுத்தாளர் சங்கர். அவருடைய நாவலைத் தழுவிச் சத்யஜித் ராய் 1971இல் உருவாக்கிய 'சீமாபத்தா' திரைப்படத்தின் நாயகன் சியாமளேந்து, கல்கத்தாவில் மின்விசிறி செய்யும் நிறுவனம் ஒன்றின் விற்பனை மேலாளன். இயக்குநர் பதவியை எதிர்நோக்கி இருப்பவன். வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய விசிறிகளில் குறைபாடு இருப்பது கடைசி நேரத்தில் தெரிகின்றது. குறித்த நாளில் அனுப்பாவிட்டால் ஒப்பந்தப்படி தண்டம். குறையோடு அனுப்பினால் நிறுவனத்தின் பெயருக்கு இழுக்கு. உண்மையைச் சொல்லித் தண்டத்தை ஏற்பது ஒரு வழியாக இருந்தது. அவன் தேர்ந்ததோ வேறு வழி. தொழிலாளர் விவகார அதிகாரியோடு கூடி, ஆலையில் ஒரு கலகத்தை மூட்டிக் கதவடைப்புச் செய்ய வைக்கின்றான். கலகம் நேர்ந்தால் காலத் தாழ்வுக்கு ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு! வாடிக்கையாளருக்கு இழப்பில்லை, நிறுவனத்துக்கு இழப்பில்லை, அவனுக்குப் பதவியும் கிடைத்துவிட்டது. வெடிகுண்டில் காயமுற்று மருத்துவமனையில் கிடப்பவன் ஓர் ஆலைக் காவலாளி மட்டுமே. இந்த 'மட்டுமே' என்ற சொல்லில் கதையின் சுமை முழுவதும் இருக்கின்றது. மில்லர் சுட்டாத உண்மை ஒன்றை இங்குக் காண்கின்றோம். விற்பனையில் பிறக்கும் பொய் வாங்குபவரை நோக்கியே செல்ல வேண்டும் என்பதில்லை. குரல் எழுப்ப இயலாதவர் எங்கிருக்கின்றாரோ அங்கு அது பாய்ந்துவிடும். தான் கடனாகப் பெற்றிருந்த கைக்கடிகாரத்தை மைத்துனி துதுல் ஒரு சொல்லும் பேசாமல் கழற்றித் திருப்பித் தருகின்றாள். அவ்வளவே தீர்ப்பு.

நாடகத்தையும் திரைப்படத்தையும் கற்பனை என்று ஒதுக்கக்கூடியவர்களுக்கு அண்மைக்கால வரலாறு விடை கூறும். 2016இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், வாடிக்கையாளர் கேளாமலே அவர்கள் பெயரில் பெருந்தொகையான கணக்குகள் திறக்கப்பட்டது வெளியாயிற்று. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்பது மேலிடம் வகுத்த இலக்கு. வங்கிக்கு விதிக்கப்பட்ட தண்டம் 18.5 கோடி டாலர். வேலையிழந்தவர் ஏறத்தாழ 5,300 பேர். இலக்கை எட்டியவனும் எட்டாதவனும் வெவ்வேறு காரணங்களால் வேலையிழக்கும் தொழில் இது. நமக்கு அருகில், 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்தபொழுது, அதனோடு தொடர்புடைய கடன் பத்திரங்களை வாங்கியிருந்த சிங்கப்பூர்ச் சிறு முதலீட்டாளர் ஏறத்தாழ 10,000 பேர் பாதிப்புற்றனர். அவர்களுள் முதியோரும் பலர். 2009இல் சிங்கப்பூர் நாணய வாரியம் பத்து நிதி நிறுவனங்களுக்கு அத்தகைய பத்திரங்களை விற்கத் தடை விதித்தது. விற்பனையாளர்க்குத் தரப்பட்ட பயிற்சியில் இருந்த குறைகளும் அப்பொழுது சுட்டப்பட்டன. இதுவே மிகவும் எண்ணத்தக்கது. கோவலன் கதையில் இடைநின்றவன் அறிந்து கெடுத்தான். இங்கு இடைநின்றோருள் பலர் தாம் விற்றது யாதென்று அறியாமலே விற்றனர். தட்டில் கிடப்பதன் எடையை நிறுப்பவனே அறியாத துலாக்கோலைப் பற்றி வள்ளுவரும் உரையாசிரியரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. 'எனக்குத் தெரியாது' என்பது அறியாமையா, அறிந்துகொள்ளாமல் இருப்பதற்காகப் பெற்ற ஊதியமா?

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைகளைத் தொடர்ந்து படித்துவரும் எவரும், பால்மரம் வெட்டும் தொழிலாளி, கங்காணி, கிராணி, ஒட்டுக்கடைக்காரர் ஆகியோரை நன்கு அறிவர். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த தலைமுறையின் பிள்ளைகளுள் பலர் இன்று விற்பனைத் தொழிலில் இருக்கின்றனர். காப்புறுதி விற்கின்றனர், மகிழுந்து விற்கின்றனர், நீர் வடிகட்டும் கருவியையும் சத்துமாவையும் வீடுவீடாகக் கொண்டு செல்கின்றனர். ஆனால் நம் கதைகளில் இவர்கள் வாசலில் வந்து தொல்லை தரும் துணைப்பாத்திரங்களாகவே பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். கதவுக்கு வெளியே நிற்பவனின் மனத்துக்குள் நம் எழுத்தாளர் போதிய அளவு புகவில்லை என்பது என் மனக்குறை. தோட்டத்தின் துன்பத்தை எழுதும்போது யார் குற்றவாளி என்பது நமக்குத் தெளிவாகத் தெரிந்தது. விற்பனைத் தொழிலிலோ குற்றமும் துன்பமும் ஒரே சட்டையை அணிந்து வருகின்றன. அதனால் பேனா தயங்குகின்றது போலும்.

இத்தொழிலுக்கு நம் சமூகத்தில் ஒரு தனி இயல்பும் உண்டு. முன்பின் அறியாதவரிடம் விற்பதில்லை, உறவினரிடம் விற்கின்றோம். வேலைக்குச் சேர்ந்தவுடன், தெரிந்தவர் நூறு பேரின் பட்டியலை எழுதச் சொல்கின்றனர். பட்டியலின் தலையில் தாய்மாமன் பெயர் இருக்கும். அடுத்துப் பெரியம்மா மகன். அதற்கும் அடுத்து, ஆறாம் ஆண்டில் தமிழ் கற்பித்த ஆசிரியர். 'அண்ணே', 'அக்கா', 'ஐயா' என்னும் விளிகளே அங்கு மூலதனம். சரக்கின் தகுதி பேசப்படுவதற்கு முன்பே முகத்தாட்சணியம் பேசிவிடுகின்றது. மலேசியாவில் 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம், வீடு தேடி வந்து விற்றதைப் பத்து வேலை நாளுக்குள் மறுத்துவிடும் உரிமையை வாங்கியவருக்கு வழங்குகின்றது. அறிவார்ந்த சட்டம்தான். ஆனால் தங்கை மகனிடம் வாங்கியதை எந்த மாமன் பத்து நாளில் திருப்பித் தருவார்?

இந்த இடத்தில்தான் டேவிட் மாமெட்டின் 'கிளென்கேரி கிளென் ராஸ்' நாடகம் நமக்குப் பயன்படுகின்றது. 1983இல் இலண்டனில் அரங்கேறி, 1984இல் புலிட்சர் பரிசு பெற்ற இந்நாடகம், நிலம் விற்கும் அலுவலகம் ஒன்றின் பணியாளர்களைப் பற்றியது. அங்கு நடக்கும் விற்பனைப் போட்டியில் முதல்வனுக்கு விலையுயர்ந்த கார் பரிசு. கடைசியில் நிற்போருக்கு வேலை போய்விடும். வாங்கக்கூடியவர்களின் முகவரிச் சீட்டுகளுக்காகவே அவர்கள் அடித்துக்கொள்கின்றனர். முதுமை எய்திய லெவீன் அச்சீட்டுகளைத் திருடும் அளவுக்குச் செல்கின்றான். நாடகத்தின் மொழி கரடுமுரடானது, வசைச்சொற்கள் மிகுந்தது, பள்ளி வகுப்பறைக்கு முழுமையாகக் கொண்டுவர இயலாது. ஆயினும் மில்லர் மேடையேற்றாத வாங்குபவரை மாமெட் மேடையேற்றினார். அவர் பெயர் லிங்க்.

ரோமா என்ற திறமைமிக்க விற்பனையாளன் சீன உணவகத்தில் லிங்கிடம் நிலத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. வாழ்க்கை, அச்சம், துணிவு, தனிமை என்று ஏதேதோ பேசுகின்றான், நண்பனாகின்றான், இறுதியில்தான் நிலத்தின் படத்தை எடுத்து விரிக்கின்றான். மறுநாள் லிங்க் அலுவலகத்துக்கு ஓடிவருகின்றார். ஒப்பந்தத்தை முறிக்கச் சொல்லி மனைவி அனுப்பியிருக்கின்றாள். மூன்று வேலை நாளுக்குள் முறிக்கச் சட்டத்தில் இடமும் உண்டு. நாளைக் கடத்திவிட ரோமா பல தந்திரங்களைக் கையாளுகின்றான். லெவீன் பெரிய வாடிக்கையாளனாக நடித்து அவனுக்குத் துணைபுரிகின்றான். மேலாளன் வில்லியம்சன் வாய்தவறி உளறியதால் உண்மை தெரிந்துவிடுகின்றது. லிங்க் தப்பிவிடுகின்றார்.

தப்பியவர் சினந்து ஏசிவிட்டுப் போயிருக்க வேண்டும். அவ்வாறு நடக்கவில்லை. தம்மை ஏமாற்ற முயன்றவனைப் பார்த்து, உன்னைக் கைவிட்டுவிட்டேனே என்று வருந்தி, லிங்க் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் செல்கின்றார். எதற்காக மன்னிப்பு என்பது அவருக்கே விளங்கவில்லை. மேல்நாட்டு மேடையில் இது வியப்பாகத் தோன்றலாம். காப்புறுதித் தவணையைப் பாதியில் நிறுத்திவிட்டு, முகவராகிய மருமகன் எதிரில் வருவதைக் கண்டு தெருவின் மறுபக்கத்துக்கு மாறிச் செல்லும் பெரியவரை நாம் அறிவோம். திருமண வீட்டில் அவர் அவனைத் தவிர்க்க முயல்வதையும், அவன் அதனைக் கண்டும் காணாதவன்போல் பந்தியில் வந்து அவருக்கே முதலில் பரிமாறுவதையும் கண்டிருக்கின்றோம். அக்கதையை நம்மில் ஒருவர் எழுத வேண்டும். பரிமாறுகின்ற அந்த மருமகனின் பக்கத்திலிருந்து எழுத வேண்டும்.